ஞாயிறு நாலரை மணி அலாரம்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நாலு வருடமாக ஞாயிறுதோறும் ஒரே குழுவோடு பறவை பார்க்கப் போகிறீர்கள். ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலமே மனசு ஞாயிறுக்கு ஓடிவிடுமாம். இப்போது நாலரை மணிக்கு அலாரம் அடித்தால் எரிச்சல்தான் வருகிறது. போன அக்டோபரில் ஆறுமணிக் குருவியை முதல்முறையாகப் பார்த்தீர்கள், நல்ல படமும் விழுந்தது, ஆனால் மனசில் ஒன்றுமே தோன்றவில்லை. குழுவில் இருப்பவர்கள் நல்லவர்கள், விட்டுவிட்டால் வருத்தப்படுவார்கள். லென்ஸுக்கு ஒன்றரை லட்சம் போட்டாயிற்று. "எனக்குத்தான் ஏதாவது கோளாறா, இல்லை பேசாமல் விட்டுவிடலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். 1989இல் வேலைக்காக பெங்களூரு வந்து அல்சூரில் குடியேறினேன். முப்பது வருடத்துக்கு மேலாகப் பறவை பார்க்கிறேன். நடுவில் இரண்டு வருடம் அடியோடு விட்டிருந்தேன். ஏன் விட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். கசப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானா? பிடித்த சாப்பாடு, அம்மாவோடு போன் பேச்சு, கிரிக்கெட், மகளோடு விளையாட்டு எல்லாமே சப்பென்று ஆகிவிட்டதா? இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்கள், எதிலுமே பிடிப்பில்லை என்றால் அதைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மனச்சோர்வு நோய்க்கு மருத்துவர்கள் பார்க்கும் இரண்டு முதன்மை அறிகுறிகளில் ஒன்று அது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மத்திய அரசு 2022இல் தொடங்கிய அந்தச் சேவைக்குத் தலைமை மையம் நம் ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான்.

ஆனால் உங்கள் விஷயம் அது என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்விக்கு நடுவே, மொட்டை மாடியில் நின்று மகளுக்குக் கள்ளப்பருந்தின் பிளந்த வாலைக் காட்டியதைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். மொத்தக் கடிதத்திலும் உயிர் இருப்பது அந்த நாலு வரியில்தான். அந்த மாடியில் பைனாகுலர் இல்லை, கேமரா இல்லை, லிஸ்ட் இல்லை. பறவை மேல் இருந்த ஆசை உங்களிடம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் வேறு என்னென்னவோ ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

முதலில் ஏறியது 'லைஃபர்' கணக்கு. வாழ்க்கையில் முதல்தடவை பார்க்கும் பறவைக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பேர். நீங்களும் உங்கள் எண்ணிக்கை 247இல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் ஞாயிறே கைகொண்டனஹள்ளி ஏரியில் முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா என்று இருபது முப்பது பறவை புதிதாகக் கிடைத்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு பண்டிகை. ஆறு மாதத்தில் அது வாரத்துக்கு ஒன்று இரண்டாகும். இரண்டாம் வருடம் மாதத்துக்கு ஒன்று. ஊரைச் சுற்றியுள்ள பறவைகளுக்கு ஓர் எல்லை உண்டல்லவா? மகிழ்ச்சியைப் புதுமையோடு முடிச்சுப் போட்டவருக்கு அது வற்றுவது வெறும் கணக்கு. அதன்பிறகு புதிதாக ஒன்று வேண்டுமென்றால் ஹெசரகட்டா, நந்தி மலை, ரங்கனதிட்டு என்று தூரம் கூடிக்கொண்டே போகும். தூரம் கூடக் கூட, "இவ்வளவு தூரம் வந்தோமே, கிடைக்கவில்லையே" என்ற ஏமாற்றமும் கூடும். நீங்கள் சோர்ந்துபோனதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இதைப் பற்றி ஆராய்ச்சியும் உண்டு. 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் பாலர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். கலர்ப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளாகப் பார்த்து எடுத்து, ஒரு பகுதியினரிடம் மட்டும் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் அதே பேனாக்களை வகுப்பில் வைத்தபோது, பரிசு பேசி வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் சுமார் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு இந்தக் குறை வரவில்லை. பரிசு கெடுக்கவில்லை, அதை நினைத்துக்கொண்டே வரைந்ததுதான் கெடுத்தது. 2016இல் ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் பெரியவர்களிடம் இதற்கு நெருக்கமான ஒன்றைப் பார்த்தார். நடக்கும்போது அடிகளை எண்ணியவர்கள், படிக்கும்போது பக்கங்களை எண்ணியவர்கள், எண்ணாதவர்களைவிட அதிகமாகச் செய்தார்கள், ஆனால் குறைவாக ரசித்தார்கள். ஆசையாகச் செய்தது எண்ண ஆரம்பித்ததும் வேலை மாதிரி ஆகிவிடுகிறது.

எண்ணுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இபேர்டில் நாம் ஏற்றும் பட்டியல்கள் வீண் போகவில்லை. 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் இப்படி ஏற்றிய பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை மதிப்பிட்டது. அந்த வேலைக்கு மைனாவும் காக்கையும் தவிட்டுக்குருவியும் ஒன்று விடாமல் எண்ணப்பட்ட சாதாரணப் பட்டியல்கள்தான் பெரிதும் உதவின. உங்கள் 248ஆவது பறவைக்காக அறிவியல் காத்திருக்கவில்லை. தினமும் பார்க்கும் பனங்காடை குறைகிறதா என்பதுதான் அதற்குத் தேவை.

இரண்டாவதாக, நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "என் கார்தான் போகும், லிஸ்டும் நான்தான் ஏற்றுவேன்." இந்த ஒரு வரியில்தான் பாதிப் பதில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு யார் வருகிறார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் கேட்பது, மாரத்தஹள்ளியில் ஒருவர், சில்க் போர்டில் இருவர் என்று ஏற்றிக்கொள்வது, டீ காசு, பெட்ரோல் காசு பிரிப்பது, புதிதாக வந்தவருக்கு இது கொக்கு, அது மடையான் என்று சொல்லித்தருவது, வீட்டுக்கு வந்ததும் பதினோரு மணிக்கு லிஸ்டைச் சரிபார்த்து ஏற்றுவது. வாரம் முழுக்க அலுவலகத்தில் நீங்கள் செய்வது என்ன? ஆட்களை ஒருங்கிணைப்பது, நேரத்துக்கு முடிப்பது, அறிக்கை கொடுப்பது. ஏழாவது நாளும் அதே வேலைதான், இடம் மட்டும் ஏரிக்கரை. எந்தக் குழுவிலும் பொறுப்பானவர் தலையில்தான் எல்லாம் வந்து விழும். யாரும் வேண்டுமென்றே சுமத்துவதில்லை. ஒருநாள் நீங்கள் செய்தீர்கள், மறுவாரமும் செய்தீர்கள், மூன்றாம் மாதம் அது உங்கள் வேலை ஆகிவிட்டது.

நான் விட்டதும் இதனால்தான். 2009இல் எங்கள் குழுவை நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் லால்பாக் பாறை மேல் நிற்கிறோம். புதிதாக வந்த ஓர் அம்மா வானத்தைக் காட்டி "கழுகு, கழுகு!" என்று சந்தோஷமாகக் கத்தினார். அவர் கை இறங்குவதற்குள், "கழுகு இல்லைங்க, கள்ளப்பருந்து, வாலைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான். அவர் முகம் சுருங்கியதையும் பார்த்தேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, கடைசியாக ஒரு பறவையைத் திருத்துவதற்காக இல்லாமல் பார்ப்பதற்காகப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. பைனாகுலரை அலமாரியில் வைத்தேன்.

அந்த ஆறுமணிக் குருவி விஷயத்துக்கு வருகிறேன். பூங்காவில் மூங்கில் புதருக்கு அடியில் அது சருகைக் கிளறிக்கொண்டிருந்தது, சுற்றி அரைவட்டமாக இருபது கேமரா, ஒருவர் செல்போனில் அதன் குரலைப் போட்டுப் போட்டு முன்னால் வரவழைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குருவி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்காக இரவு இரவாகப் பறந்து தெற்கே இறங்குகிறது. வழியில் நம் ஊர்ப் பூங்காவில் சில நாள் தங்கி, புழுவும் பூச்சியும் தின்று தெம்பேற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் இன்னொரு குருவியின் குரல் கேட்டால் தன் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டதென்று தின்பதை விட்டுவிட்டு ஓடி வரும். உங்களுக்கு அங்கே மகிழ்ச்சி வராததைக் கோளாறு என்று எண்ணாதீர்கள். பசியோடு வந்த ஓர் உயிரைச் சுற்றி வளைத்து நிற்கிறோம் என்று உள்ளே எங்கோ உறுத்தியிருக்கும். உறுத்தலும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் ஒரு மனசில் இருக்காது. இந்தப் பழக்கம் உங்கள் குழுவில் வாடிக்கையாகிவிட்டது என்றால், அதை ஒருமுறை வாய் திறந்து சொல்லுங்கள். குரல் போடுவதை நிறுத்தச் சொன்னதற்காகக் கோபித்துக்கொள்ளும் குழுவை விட்டு வருவதில் எனக்கு எந்த வருத்தமும் இருக்காது.

பருவத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இது மே மாதம். வாலாட்டி, தகைவிலான், பூனைப்பருந்து என்று குளிர்காலத்துக்கு வந்தவை எல்லாம் ஏப்ரலுக்குள் கிளம்பிவிட்டன. மறுபடி செப்டம்பர், அக்டோபரில்தான். ஏரியில் கூட்டம் குறையும் இந்த மாதங்களில் யாருக்கும் கொஞ்சம் அலுக்கும். தூக்கமும் அப்படித்தான். அமெரிக்கக்காரர்களோடு சனி அதிகாலை வரை மீட்டிங் இருக்கிற வாரத்தில் ஞாயிறு நாலரைக்கு எழுந்தால் மயிலே ஆடினாலும் கொட்டாவிதான் வரும்.

சரி, என்ன செய்வது? இப்போதே விடுவதா, தொடர்வதா என்று தீர்மானிக்க வேண்டாம். ஜூலை கடைசி வரை குழுவிலிருந்து ஓர் இடைவெளி எடுங்கள். அந்த இடைவெளியில் இரண்டு விதமான ஞாயிறுகளைச் சோதித்துப் பாருங்கள். சில ஞாயிறு எங்கேயும் போகாதீர்கள், தூங்குங்கள். காலை பத்து மணிக்கு எது இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது என்று கவனியுங்கள். பறவையா, நண்பர்களோடு குடிக்கும் டீயா, விடியற்காலைக் குளிரா, வீட்டை விட்டு வெளியே இருப்பதா? நாலு வருடமாக இந்த நாலும் ஒரே பொட்டலத்தில் வந்ததால் உங்களுக்கு எது பிடித்தது என்று உங்களுக்கே தெரியாது. டீயும் பேச்சும்தான் என்றால் அந்த நண்பர்களை மாதம் ஒருமுறை தோசை சாப்பிடக் கூப்பிட்டால் போதும், ஏரி வேண்டியதில்லை. வெறிச்சென்று எதுவுமே இல்லை, நிம்மதியாக இருக்கிறது என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மற்ற ஞாயிறுகளில், விடிந்த பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஏரிக்குத் தனியாக நடந்து போங்கள். கேமரா வேண்டாம், போனை அணைத்துப் பையில் போடுங்கள். ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். ஒரே ஒரு சாதாரணப் பறவையைத் தேர்ந்தெடுத்து அது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இது ஏதோ ஆறுதலுக்குச் சொல்வதில்லை. பறவை ஆய்வாளர் சாலிம் அலி வேலையில்லாமல் மும்பைக்கு எதிரே கடலோரத்தில் கிஹிம் என்ற ஊரில் தங்கியிருந்த காலத்தில், வீட்டுக்கு அருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த வயலோரத்திலும் இருக்கும் குருவி அது. ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டு நிறுத்தும், பெண்குருவி வந்து உள்ளே புகுந்து பார்த்துப் பிடித்தால் ஏற்கும், ஏற்ற பிறகுதான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும், முட்டை வைத்ததும் அடுத்த கூட்டுக்குக் கிளம்பிவிடும் என்பதையெல்லாம் அப்படி உட்கார்ந்து பார்த்தே 1930 வாக்கில் எழுதினார். அவருக்குப் பேர் வாங்கித் தந்த வேலை அது. ஜூனில் மழை விழுந்ததும் நம் ஊர் ஓரங்களிலும் தூக்கணாங்குருவி கட்ட ஆரம்பிக்கும். சர்ஜாபூர் ரோட்டைத் தாண்டி, தண்ணீர் ஓரமாகச் சாய்ந்து நிற்கும் ஈச்ச மரங்களைப் பார்த்து வையுங்கள்.

பெயர்களைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதும் ஒரு வழி. குழுவில் எல்லாம் ஆங்கிலப் பெயர்தான் என்று தெரியும், நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் ஆட்கள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பதை ஆள்காட்டி என்றும், காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதை ஆறுமணிக் குருவி என்றும் நம் ஆட்கள் வைத்திருப்பது பறவையோடு பழகி வைத்த பெயர்கள். உங்கள் மகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள்.

குழுவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கிறீர்கள். நீளமாக எழுதாதீர்கள். நீளமாக எழுதினால் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள், தனித்தனியாகப் போன் வரும். "ஜூலை வரைக்கும் ஞாயிறு காலை நான் வரலை. வீட்டோட இருக்கணும்னு தோணுது. லிஸ்ட் ஏத்துறது எப்படின்னு யாராவது ஒருத்தர் கேட்டுக்கோங்க, சொல்லித்தரேன்." இவ்வளவு போதும். காரும் லிஸ்டும் கைமாறியே ஆக வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். திரும்பிப் போனாலும் அந்த இரண்டும் உங்களிடம் வரக் கூடாது. வேறு யாருடைய காரிலாவது பின்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள், அதே குழு எவ்வளவு இனிமையாக இருக்கிறதென்று ஆச்சரியப்படுவீர்கள்.

லென்ஸ்: ஒன்றரை லட்சம் போனது போனதுதான், ஞாயிறுகளைக் கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது. ஆகஸ்ட் வரை விற்க வேண்டாம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் சிலிக்கா ஜெல் போட்டு மூடிவையுங்கள். அதற்குப் பிறகும் கை அதன் பக்கம் போகவில்லை என்றால் விற்றுவிடுங்கள்.

திரும்பி வருமா என்று கேட்டால், எனக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து, வீட்டு ஜன்னலுக்கு எதிரே பட்டுப்போன முருங்கைக் கிளையில் செம்மார்புக் குக்குறுவான் ஒன்று பொந்து குடைய ஆரம்பித்தது. தினமும் காபியோடு நின்று பார்த்தேன். அதன்பிறகு பெரிய குழுவோடு நான் போவதில்லை. ஒரே ஒரு நண்பரோடு போகிறேன், பாதி நேரம் இருவரும் பேசுவதே இல்லை. என்னோடு அந்தக் காலத்தில் வந்துகொண்டிருந்த இன்னொருவருக்குத் திரும்ப வரவே இல்லை. ஐம்பது வயதில் மிருதங்கம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார், வாரம் இருமுறை வகுப்பு. பறவையைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருந்துச்சுப்பா அந்தப் பத்து வருஷம்" என்பார். அந்தப் பத்து வருடம் வீண் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

மே கடைசியில் குடும்பத்தோடு ஊருக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். திருநெல்வேலியில் பிறந்தும் கூந்தன்குளம் போனதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். நாங்குநேரி பக்கம்தான். 1994இல் சரணாலயமாக அறிவிப்பதற்குப் பல காலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள். சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் குளத்தில் மட்டுமல்லாமல் தெருவில், வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு உரமாக எடுப்பார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்துவிடும் பழக்கமும் அங்கே உண்டு. மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பைனாகுலர் தேவைப்படாது, தலைக்கு மேலேயே இருக்கும். அங்கே வெயில் கடுமை, ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். பாப்பாவுக்கு மறக்காமல் தொப்பி.